அட்வான்ஸ், ஓதம், கரண்ட் பில்: வாடகை வீட்டுத் தகராறைத் தீர்க்கும் வழி

சுவரில் ஓதம். 'நீங்கள் ஜன்னலையே திறப்பதில்லை' என்கிறார் ஓனர். 'உங்கள் குழாய்தான் ஒழுகுகிறது' என்கிறார் குடியிருப்பவர். மாதக்கணக்கில் இதையே பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் ஒட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றாது.

ஓதம் அடித்த இடத்தைத் துடைத்துவிட்டு, ஓர் அடிச் சதுரத் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால், அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று பொருள். சமையல் ஆவி, வீட்டுக்குள் துணி காயப்போடுவது, பீரோவைச் சுவரோடு ஒட்டி வைப்பது எல்லாம் இதில் சேரும். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அது பொதுவாக ஓனர் பொறுப்பு. கறை தரையிலிருந்து மேலேறி, வெள்ளையாக உப்புப் பூத்து, இடுப்பளவில் நின்றுவிட்டால் தரை ஈரம். ஓரிடத்தில் தொடங்கி, மழைக்கோ மேல் வீட்டுக் குளியலுக்கோ பெரிதானால் ஒழுக்கு. அறைக்காற்றின் ஈரமாகவே இருந்தாலும், ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இல்லாத குளியலறையில் பூஞ்சை பிடித்ததற்குக் குடியிருப்பவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

பில் தகராறுக்கும் இப்படித்தான். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் நிறப்பொடி கரைத்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் வால்வு போய்விட்டது. கரண்ட் பில் திடீரென்று ஏறினால் வீட்டுக்குள் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால், மாடிப்படி விளக்கோ மோட்டாரோ பக்கத்துப் போர்ஷனோ உங்கள் மீட்டரில் இணைந்திருக்கலாம். இருவரும் சேர்ந்து நின்று பார்ப்பது முக்கியம். ஒருவர் மட்டும் பார்த்த சோதனையை மற்றவர் நம்ப மாட்டார்.

அதிகம் கசப்பது அட்வான்ஸ் விஷயம். குடிவரும் நாளிலேயே இதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், கூரை, தரை என்று வரிசையாகப் படம் எடுங்கள். விரிசல், கீறல் இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நெருக்கமாக இன்னொன்று. மீட்டர் எண், சாவிகளின் எண்ணிக்கை, குழாய்கள், சுவிட்சுகள் இவற்றைப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். படங்களை அன்றைக்கே மற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் தரம் குறையும், எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும், மூலப்படங்களை அழிக்காதீர்கள்.

காலி செய்யும்போது இரண்டு கேள்விகள். முதலாவது, இது தேய்மானமா, சேதமா? நிறம் மங்குவது, நடந்து நடந்து தரை பளபளப்பு இழப்பது, காலண்டர் ஆணித் துளை எல்லாம் பொதுவாகத் தேய்மானம். உடைந்த டைல், தீய்ந்த மேடை, குழந்தை கிறுக்கிய சுவர் சேதம். இரண்டாவது, சேதம் என்றால் எவ்வளவு? பலர் தவறுவது இங்கேதான். புதிய பொருளின் முழு விலையைக் கேட்பது நியாயமாகாது. குடிவரும்போது புதிதாக அடித்த பெயிண்டுக்கு 5 ஆண்டு ஆயுள் என்று இருவரும் ஒப்புக்கொண்டால், 4 ஆண்டு குடியிருந்தவர் கிறுக்கிய சுவருக்கான செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் தர வேண்டும். ஒரு சுவருக்காக மொத்த வீட்டுக்கும் பெயிண்ட் பில் நீட்டப்பட்டால், சுவர்வாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் இன்னொரு பெயிண்டரிடமும் மதிப்பீடு வாங்கலாம்.

தொகையில் உடன்பாடு இல்லையா? சிக்கலில்லாத பகுதியை உடனே கொடுத்துவிட்டு, மீதியை மட்டும் பேசுங்கள். பாதி கைக்கு வந்துவிட்டால் கோபமும் பாதியாகும். வாங்குபவர் 'ஒரு பகுதி மட்டும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுக்கட்டும். 'கணக்கு முடிந்தது' என்ற வரியில் கையெழுத்திட்டால் மீதியை மறந்துவிட வேண்டியதுதான்.

பேசியும் நடக்கவில்லை என்றால் எழுதுங்கள். ஒரு கடிதம், ஒரு பிரச்சினை, ஒரு பக்கம். என்ன பழுது, முதலில் எந்தத் தேதியில் சொன்னீர்கள், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள்? சாதாரண ரிப்பேருக்கு 14 நாள் தாராளம்; தண்ணீர் வரவில்லை, சுவிட்சில் ஷாக் அடிக்கிறது என்றால் 24 மணி நேரம். பழைய சண்டைகளையும் மிரட்டலையும் இதில் சேர்க்காதீர்கள். நாளை நீதிமன்றம் போனால் இதே கடிதத்தைத்தான் மூன்றாம் மனிதர் படிப்பார்.

ரிப்பேர் செய்யவில்லை என்பதற்காக வாடகையை நிறுத்தாதீர்கள். சட்டம் ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் பல இடங்களில் வாடகை பாக்கி தனிக் குற்றச்சாட்டாகி, காலி செய்யச் சொல்ல ஓனருக்குக் காரணம் கிடைத்துவிடும். ஓனர் வாடகையை வாங்க மறுத்தால், அனுப்பியதற்குப் பதிவு இருக்கும் வழியில் அனுப்புங்கள். அதேபோல் ஓனர் தண்ணீரை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே வைப்பது எல்லாம் பல நாடுகளில் சட்டவிரோதம். வாடகை பாக்கி இருந்தாலும் சரி, இவற்றைச் செய்த ஓனர் தன் நியாயத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

நடுவில் ஆள் வைப்பதானால் வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர் வேண்டாம். அவருடைய அடுத்த கமிஷன் பெரும்பாலும் ஓனர் மூலமாகத்தான் வரும். இருவருக்கும் உறவில்லாத ஒருவர், அல்லது உங்கள் ஊரில் இருந்தால் சமரச மையம் நல்லது. அதற்கு முன் தேதிவாரியாக நடந்ததை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் படமோ ரசீதோ இணைத்துக்கொள்ளுங்கள்.

உடன்பாடு வந்ததும் அங்கேயே எழுதுங்கள்: யார், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன. இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து. சாவி கொடுக்கும்போது தேதியும் எண்ணிக்கையும் போட்டு ரசீது வாங்குங்கள். 'இன்னும் சாவி வரவில்லை' என்று கூடுதல் வாடகை கேட்கப்படுவது அந்த ஒரு தாள் இல்லாததால்தான்.