கரண்ட் போகிற நேரம் பார்த்து வசனம் வைங்க

படிப்பு முடிந்து வீட்டோடு இருக்கும் பையனை வைத்து, சிரிப்பும் கண்ணீருமாக ஒரு படம் எடுக்க ஆசைப்படும் சோமனூர், பல்லடம் பக்கத்துத் தம்பிகளுக்கு இது. நான் தறிக்குடோனில், அதாவது விசைத்தறி ஓடும் கொட்டகையில், வளர்ந்தவன். 12 நிமிடப் படம் ஒன்றை அங்கேயே எடுத்தேன்.

கதை எந்த மாதம் தொடங்குகிறது என்று முதலில் முடிவு பண்ணுங்க. கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து 1 வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. அதுவரை அவன் வீட்டுக்குச் சின்னப் பையன்தான். முதல் தவணை வருகிற மாதம் பெரியவனாகியே தீரணும். அங்கே தொடங்குங்க. காதல், கூட்டாளிகள் எல்லாம் பிறகு வரட்டும்.

அப்பாவை வில்லனாக்காதீங்க. ஜவுளிக்காரர் தரும் பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) நெய்து கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிற மனுசன் அவர். மகன் தறியில் நிற்கக் கூடாதென்றுதான் படிக்க வைத்தார். அறுந்த இழையை அவன் வந்து முடிச்சுப் போட்டால் அவருக்குக் கோபம் வரும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வரும். இந்த இரண்டு கோபத்தையும் எழுதிவிட்டால் பாதிப் படம் கையில் இருக்கிறது.

சிரிப்புக்கென்று தனி ஆள் வேண்டாம். தறி ஓடும்போது காதருகே போய்க் கத்தினால்தான் பேச்சு கேட்கும். என் படத்தில், மூன்று நாளாக மென்று விழுங்கியதை மகன் கத்துகிறான். அப்பாவுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக, “எங்கிட்டப் பணமில்லீங்கப்பா!” என்னும்போது கரண்ட் போகிறது. அந்த ஒரு வரி வீதிக்கே கேட்கிறது. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்), “எவ்வளவு வேணுஞ் சாமி?” என்று சுருக்குப்பையை அவிழ்க்கிறார்.

பார்க்கிறவர்கள் அங்கே சிரிப்பார்கள். உடனே காட்சியை வெட்டாதீங்க. அப்பாவின் கையைக் காட்டுங்க. விரலில் ஒட்டிய பஞ்சை அவர் மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்கட்டும், பத்து விநாடி. சிரிப்பு தானாக அடங்கும்.

ஒலியில் கவனம். தறி ஓடும்போதே வசனம் பதிந்தோம், ஒரு வார்த்தை தேறவில்லை. தூரத்துக் காட்சிகளைத் தறி ஓட எடுத்து டப்பிங் பேசுங்க. முகம் தெரியும் காட்சிகளுக்குத் தறியை நிறுத்தணும். தறி ஓய்கிற சத்தத்தைத் தனியாகப் பதிந்து வைங்க. கரண்ட் போனதும் எல்லாத் தறியும் ஒரே நொடியில் நிற்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக அடங்கும். சட்டென்று சத்தத்தை அறுத்தால் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்கூட நம்பமாட்டார்.

குடோன் கேட்கப் போகும்போது, பாவு தீர்ந்து தறி நிற்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்க. ஓடுகிற தறியை நிறுத்தினால் குடோன்காரருக்கு அன்றைய கூலி போய்விடும்.