செல்வத்தைத் தாழ்மையோடு கையாள்வது எப்படி

வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் தம் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 6-ஆம் அதிகாரத்தில் எல்லாத் தீமைக்கும் வேர் என்று சொல்லப்பட்டிருப்பது பண ஆசை. பலரும் அதைப் பணம் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே அதிகாரத்தின் இறுதியில் ஐசுவரியவான்களுக்கு அவர் இடும் முதல் கட்டளை, இறுமாப்பான சிந்தை வேண்டாம் என்பது. கொடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசுகிறார். நாமும் அந்த வரிசையிலேயே தொடங்குவது நல்லது.

லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானின் பேச்சை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். நிலம் நன்றாய் விளைந்தது என்றே உவமை தொடங்குகிறது. ஆனால் அவன் வாயைத் திறந்தால் என் தானியம், என் களஞ்சியம், என் பொருள்கள் என்றுதான் வருகிறது. விதைத்தவர்களும் அறுத்தவர்களும் மழையும் அவன் பேச்சில் இல்லை. ஆலோசனை கேட்பதும் தன் ஆத்துமாவிடமே. இந்தப் பேச்சு நமக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு தாளை எடுத்து, உங்களிடம் இருக்கும் பணம் எவ்வாறு வந்தது என்பதை எழுதுங்கள். ஆனால் 'நான்' என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதீர்கள். படிக்க வைத்தவர், முதல் வேலையைக் கொடுத்தவர், கடனைப் பொறுத்துக்கொண்டவர், நோயின்றிக் கழிந்த ஆண்டுகள் என்று தாள் நிரம்பத் தொடங்கும். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" இந்த ஐசுவரியத்தைச் சம்பாதித்தது என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதபடிக்கு உபாகமம் 8-ஆம் அதிகாரம் எச்சரிப்பதன் பொருள் அப்போது விளங்கும்.

அடுத்தது, கொடுப்பதற்கு முன் திருப்பிக் கொடுப்பது. லூக்கா 19-இல் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்த அதே மூச்சில், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் (நான்கு மடங்காய்) திருப்பித் தருவதாகவும் சொன்னான். யாக்கோபின் நிருபத்தில், பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது. ஆகவே யாருக்கேனும் சம்பளம் நிலுவை இருந்தால், பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தால், அதைத் தீர்த்துவிட்டுக் காணிக்கைப் பெட்டியை நாடுங்கள். நிலுவையை வைத்துக்கொண்டு செய்யும் தர்மம் பெருமையைத்தான் வளர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

செலவுக்கு ஓர் எல்லை வகுப்பது மூன்றாவது. ஆக்ஸ்ஃபோர்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் (அவர் வெஸ்லியேதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது) ஆண்டுக்கு 30 பவுண்டு பெற்றபோது 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் அதே 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். 90 ஆனபோது 62-ஐக் கொடுத்தார். வருமானம் கூடுவதற்கு முன்பே எல்லையை எழுதி வைத்துவிடுவதுதான் இதில் உள்ள நுட்பம். கூடிய பிறகு உட்கார்ந்தால், ஒவ்வொரு புதிய ஆசைக்கும் அவசியம் என்ற பெயர் வந்துவிடும்.

கொடுக்கும்போது வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியாதிருக்கட்டும். பெயர்ப் பலகையை மறுத்துவிடுங்கள். வறுமையைப் பக்தியாகக் காட்டவும் வேண்டாம். கந்தல் உடுத்தியவனுக்கும் அகந்தை வரலாம். நீதிமொழிகள் 30-இல் ஆகூர் என்பவர் தரித்திரம், ஐசுவரியம் இரண்டையுமே தனக்கு வேண்டாம் என்று ஜெபிக்கிறார்.

கடைசியாக, கடினமானது. லூக்கா 16-இல் வாசலருகே கிடந்த தரித்திரனுக்கு லாசரு என்று பெயர் உண்டு. இரத்தாம்பரம் என்னும் விலையுயர்ந்த ஆடை தரித்த ஐசுவரியவானுக்குப் பெயர் தரப்படவில்லை. உங்கள் உதவியைப் பெறுகிறவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று எண்ணிப்பாருங்கள். தெரியாவிட்டால் சென்று கேளுங்கள்; நின்றபடி கேட்காமல் அருகே உட்காருங்கள். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் எளியவனுக்குப் பாதபடியின் அண்டையும் கொடுத்த சபையை யாக்கோபு கடிந்துகொண்டார். அந்த வழக்கத்தை மாற்ற, அடுத்த ஆராதனையில் நீங்களே எளியவர் பக்கத்து இருக்கைக்குப் போய், அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.