மேட்டூர்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

சேலம் மாவட்டத்துச் சின்ன ஊர்களில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் ஒன்று, போர்வெல்லில் (ஆழ்துளைக் கிணற்றில்) எடுக்கும் உப்புத் தண்ணீர் இன்னொன்று. காவிரித் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தெளிந்து, வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்ந்துதான் புறப்படுகிறது. அது கெடுவது பெரும்பாலும் கடைசி இருநூறு அடியில்: தெருக் குழாயிலும், வாசல் குழியிலும், சம்ப்பிலும், குடத்திலும். ஃபில்டர் வாங்கும் முன் அந்த இருநூறு அடியைப் பாருங்கள்.

தண்ணீர் விடும் நாளில் குழாயில் அழுத்தம் இருக்கும். ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் பீய்ச்சும். வால்வை மூடியதும் பள்ளத்து வீடுகளுக்கு மிச்சத் தண்ணீர் இறங்க, மேட்டுப் பகுதிக் குழாய் வெறுமையாகி உறிஞ்சத் தொடங்கும். அப்போது எந்த ஓட்டை வழியாக வெளியே போனதோ, அதே வழியாகச் சாக்கடை உள்ளே வரும். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ தண்ணீர் விடும் ஊரில் இது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. லைனில் நேராக மோட்டார் போட்டு இழுப்பது சட்டப்படி தவறு மட்டுமில்லை, ஆபத்தும் கூட. தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே குழாய்க்குள் உறிஞ்சலை உண்டாக்கி, தெரு முழுவதற்கும் சாக்கடையை இழுத்துவிடுகிறது.

வாசலில் முதலில் பார்க்க வேண்டியது, மெயின் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய். பல தெருக்களில் அது சாக்கடைக்குள் இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. சாக்கடைக்குள்ளேயே ஒரு ஜாயின்ட், அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்றி இறுக்கிய கம்பி. தண்ணீர் வரும்போது அந்த டியூப் ஓரமாகக் கசிந்து குமிழி விட்டால் ஜாயின்ட் போய்விட்டது என்று அர்த்தம். டியூபை இன்னொரு சுற்றுச் சுற்றுவதில் பயனில்லை. சாக்கடையைக் கடக்கும் பகுதி முழுவதும் ஜாயின்ட் இல்லாத ஒரே துண்டுக் குழாயாக இருக்க வேண்டும். அதைப் பெரிய பிவிசி பைப்புக்குள் நுழைத்து, சாக்கடைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும். துருப்பிடித்த ஜிஐ குழாயாக இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்தது குழிக்குழாய். அழுத்தம் குறைவான தெருக்களில் தரைக்குக் கீழே இரண்டு மூன்று அடி தோண்டி, அங்கே குழாயை வைத்துக் குடம் பிடிப்பார்கள். சிந்திய தண்ணீர், மழை, கால் சேறு எல்லாம் அந்தக் குழியில் தேங்கிக் குழாய் வாய் அதில் முங்கும். தண்ணீர் நின்றதும் அதுவே உள்ளே போகும். குழியை உடனே மூட முடியாவிட்டால், அடியில் சிமென்ட் பூசி நடுவில் சிறு பள்ளம் விடுங்கள். தண்ணீர் வருவதற்கு முன் அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். குழாய் வாய் குழியின் அடித்தரையிலிருந்து ஓரடியாவது மேலே இருக்க வேண்டும், பிடித்து முடித்ததும் மூடியும் போட வேண்டும்.

தண்ணீர் வந்ததும் முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். கலங்கலும் துருவும் சாக்கடை வாடையும் அதில்தான் இருக்கும். பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் அதைப் பயன்படுத்திவிட்டு, தெளிந்த பின் குடத்தை வையுங்கள்.

குளோரின் இருக்கிறதா?

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் மிக முக்கியமானது இது. தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் கிட்டோ டிபிடி (DPD) மாத்திரைக் கிட்டோ வாங்கிக்கொள்ளலாம். நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். சம்ப்பிலிருந்து எடுக்காமல், லைன் தண்ணீர் நேராக வரும் குழாயிலேயே பிடித்துச் சோதியுங்கள். குளோரோஸ்கோப்பில் ஊற்றும் ஓட்டி (OT, ஆர்த்தோடாலிடின்) கரைசல் என்றால் மஞ்சளாகும், டிபிடி என்றால் இளஞ்சிவப்பாகும். ஓட்டி நிறத்தை உடனே பார்த்துவிட வேண்டும். நேரம் கழித்துப் பார்த்தால் மற்றப் பொருளோடு சேர்ந்துபோன குளோரினும் நிறம் காட்டி, அளவு கூடுதலாகத் தெரியும். அந்தக் கரைசல் கையில் படக்கூடாது, சோதித்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதக் குளோரின் இருக்க வேண்டும். குழாயைத் திறந்ததும் லேசாகக் குளோரின் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், பாதுகாப்பு இன்னும் மிச்சமிருக்கிறது என்றுதான் பொருள். நிறமே வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

நிறம் வராத நாளில் சம்ப்பில் நீங்களே பிளீச்சிங் பவுடர் சேர்க்கலாம். சம்ப்பின் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 5 அடி, 4 அடி, 5 அடி என்றால் 2,830 லிட்டர். 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடர் 1,000 லிட்டருக்கு 3 கிராம் போட்டால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேரும். இந்தச் சம்ப்புக்கு எட்டரை கிராம். கண்ணளவில் போடாமல் சிறிய எடை மெஷினில் நிறுத்துப் போடுங்கள். பவுடரை ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் விட்டுக் குழைத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். மேல் தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி சோதித்து, 0.2க்குக் கீழே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை.

இதில் சறுக்குவது இரண்டு இடங்களில். திறந்து வைத்த பவுடர் ஈரம் பட்டு வீரியம் இழந்துவிடும். கட்டியாகி வாசனையே வராத பவுடரைத் தூக்கிப்போட்டுவிடலாம். மற்றது கலங்கல். சேறு கலந்த தண்ணீரில் போட்ட குளோரின் அந்த அழுக்கோடு சேர்ந்தே தீர்ந்துபோகும். முதலில் படிகாரமோ தேற்றாங்கொட்டையோ கொண்டு தெளியவைத்துவிட்டுப் பிறகுதான் குளோரின். தேற்றாங்கொட்டை தண்ணீரை அழகாகத் தெளியவைக்கும், ஆனால் கிருமியைக் கொல்லும் என்று அதை நம்பக்கூடாது. டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கத்தில் பிளீச்சிங் பவுடரை வைக்கவே வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சுப் புகை வரும்.

சம்ப்பு கழுவுதல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து, மூடியை நன்றாகத் திறந்து காற்றோட விடுங்கள். ஆள் இறங்கும்போது மேலே இன்னொருவர் கட்டாயம் நிற்க வேண்டும். மூடியே கிடந்த சம்ப்பில் மூச்சுத் திணறி உயிர் போகலாம். மேலே நிற்பவர் பதறிப்போய்த் தானும் குதித்துவிடக் கூடாது. சோப்பு வேண்டாம், நைலான் பிரஷ் போதும். தேய்த்துக் கழுவிய பின் 10 லிட்டர் தண்ணீரில் 6 கிராம் பவுடர் கரைத்த தெளிவைச் சுவரிலும் தரையிலும் பூசி, ஆள் வெளியே வந்துவிட வேண்டும். அரை மணி நேரம் கழித்து இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள். மூடி தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். வழிந்தோடும் குழாயில் கொசுவலை கட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசு அங்கேயே முட்டையிடும்.

போர் லைனையும் காவிரி லைனையும் ஒரு கேட் வால்வு வைத்து இணைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வால்வு தேய்ந்ததும் போர் மோட்டார் உப்புத் தண்ணீரைக் காவிரி லைனுக்குள் தள்ளும், பக்கத்து வீட்டுக் குடத்திலும் அது விழும். காவிரிக் குழாய் வாய் சம்ப்பின் உச்சத் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலமாவது மேலே நின்று, தண்ணீர் கண்ணுக்குத் தெரிய விழுவதுதான் பத்திரம்.

டிடிஎஸ் மீட்டரை நம்பி ஏமாறாதீர்கள்

அது கரைந்த உப்பை மட்டும் காட்டும். சாக்கடை கலந்த தண்ணீரும் 250 என்று காட்டலாம். டிடிஎஸ் 500க்குள் இருக்கும் காவிரித் தண்ணீருக்கு ஆர்ஓ தேவையில்லை. கொதிக்கவைத்தாலோ யுவி ஃபில்டர் வைத்தாலோ போதும். ஆர்ஓ இருக்கிற குளோரினையும் எடுத்துவிடும், பிடித்து வைத்த தண்ணீருக்கு அப்புறம் காவல் இல்லை.

போர் தண்ணீர் கதை வேறு. சேர்வராயன் அடிவாரத்தில் மாக்னசைட் தோண்டும் பக்கமெல்லாம் தண்ணீர் கடினம். மாவட்டத்தின் பல பகுதிகளில் ஃப்ளோரைடும் உண்டு. அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், நாளடைவில் எலும்பும் பாதிக்கும். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் போகாது, தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்ஓ உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான்.

ஏற்காட்டில் ஊற்று, கிணற்றுத் தண்ணீர் இனிப்பாக இருப்பதால் அப்படியே குடிப்பவர்கள் அதிகம். உப்பு குறைவு என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. மழைக்காலத்தில் சரிவில் இருக்கும் செப்டிக் டேங்க் கசிவு கீழே உள்ள ஊற்றுக்குத்தான் போகும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும். தளதளவென்று ஒரு நிமிடம் முழுதாகக் கொதித்தால் கிருமிக்கு அதுவே போதும்.

கிருமிச் சோதனைக்கு எச்2எஸ் குப்பி எளிது. குறிவரை நிரப்பி, மூடியின் உள்பக்கம் கை படாமல் மூடி, அறை வெப்பத்தில் வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கலாம், கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை பார்க்கச் சேலத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குப் போங்கள். இரண்டு லிட்டர் புதுக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் கிருமிநீக்கிய பாட்டில். அதை அலசக் கூடாது, ஐஸில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரே கெட்டு வந்தால், புகாரில் “தண்ணீர் சரியில்லை” என்று மட்டும் எழுதினால் வேலை நடக்காது. தேதி, தண்ணீர் விட்ட நேரம், மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டின் குளோரின் அளவு, தெருக்கடைசி வீட்டின் அளவு இந்த நான்கையும் எழுதுங்கள். தொட்டிப் பக்கம் 0.5ம் கடைசியில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் உடைப்பு பெரும்பாலும் நடுவில். இரண்டு இடத்திலும் இல்லாவிட்டால் தொட்டியில் குளோரின் போடவில்லை. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு, ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் வயிற்றுப்போக்கு கண்டால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.