கோடு போட்டா ரூட் ஆயிடாது: சிமுலேட்டர்ல செஸ்னா ஓட்டுறவங்க பண்ற தப்புங்க

ஃப்ளைட் சிமுலேட்டர்ல, அதாவது கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற கேம்ல, கோயம்புத்தூர் டு மைசூர். மேப்ல ரெண்டு ஏர்போர்ட்டையும் க்ளிக் பண்ணேன், நடுவுல கோடு விழுந்துச்சு, சுமார் 75 நாட்டிக்கல் மைல் (ஒண்ணு 1.85 கி.மீ., இனி மைல்னா இதுதான்), செஸ்னா 172-ங்கிற நாலு சீட் குட்டி விமானத்துக்கு முக்கால் மணி நேர வேலைதானேன்னு 5,500 அடின்னு ஒரு நம்பரைத் தட்டிட்டு கிளம்பியாச்சு. மேல ஏறினதும் ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு டீ வைக்க கிச்சனுக்குப் போனேன். டம்ளரோட திரும்பி வந்து பாத்தா விமானம் கோத்தகிரி பக்கம் ஏதோ டீ எஸ்டேட் சரிவுல சொருகி நிக்குது.

அந்த நேர்க்கோடு போறதே கோத்தகிரியை ஒட்டி, ஊரே கிட்டத்தட்ட 5,900 அடி உயரத்துல இருக்கு. முதல் தப்பு இதுதாங்க, பெரிய ஜெட்ல 30,000 அடில பறந்து பழகினவங்க எல்லாருமே பண்றது, கோட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னே பாக்க மாட்டோம். லிட்டில் நேவ்மேப்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது, அதுல ரூட்டைப் போட்டா கீழ மலையோட குறுக்குவெட்டு படமா வந்துடும், கோடு மலைக்குள்ள பூந்து போறது பளிச்சுன்னு தெரியும்.

இன்னொண்ணு, 5,500-ங்கிற நம்பரே தப்பு. விஷுவலா, அதாவது வெளிய கண்ணால பாத்துக்கிட்டே பறக்கும்போது, போற காந்தத் திசை 0-ல இருந்து 179 வரைக்கும்னா ஒற்றைப்படை ஆயிரம் கூட்டல் 500, 180-ல இருந்து 359 வரைக்கும்னா இரட்டைப்படை ஆயிரம் கூட்டல் 500. மைசூர் வடக்கு வடமேற்கா இருக்கு, அப்போ 6,500 இல்ல 8,500.

சரி 8,500 போட்டா முடிஞ்சுதான்னா அதுவும் இல்ல. கோவை ஏர்போர்ட் 1,300 அடி சொச்சம், இன்னும் 7,200 அடி ஏறணும். 172 தரைக்குப் பக்கத்துல நிமிஷத்துக்கு 700 அடி ஏறும், மேல போகப் போக மூச்சு வாங்கும், சராசரியா 500-னு வைங்க, பதினாலு பதினஞ்சு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள 19, 20 மைல் முன்னாடி போயிருப்பீங்க. ஆனா மேட்டுப்பாளையம் 17 மைல்தான், அங்கயே மலை ஆரம்பிச்சிடுது. இதுல ஏப்ரல் வெயில், நாலு பேர் வெயிட்டுன்னு சேர்ந்தா இன்னும் மோசம். இடது பக்கம் பத்து பதினொரு மைல்ல தொட்டபெட்டா வேற நிக்குது, 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. லைவ் வெதர், அதாவது வெளிய நிஜமா இருக்கிற வானிலையைப் போட்டு மேகத்துக்குள்ள கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கினா 8,500-லயும் சங்குதான்.

நான் இப்ப எப்படிப் போறேன்னா சத்தியமங்கலம் வழியா. பஸ் போற ரூட்டேதான், 27 கொண்டை ஊசி வளைவு இருக்கே அந்த திம்பம் மலைப்பாதை, அதைக் கீழ பாத்துக்கிட்டே சாம்ராஜ்நகர். சத்தியமங்கலம் வரைக்கும் கொஞ்சம் வடகிழக்கா போறதால 5,500, அங்க இருந்து 6,500 அடி தாராளம். மொத்தம் 86, 87 மைல், நேர்க்கோட்டை விட ஆறு நிமிஷம்தான் ஜாஸ்தி. மலையில ரோடு எங்க ஏறுதுன்னு பாத்தாலே பாதி ரூட் கிடைச்சிடும்னு நான் சொல்லுவேன், ரோடு போட்டவங்களும் தாழ்வான இடத்தைத்தானே தேடியிருப்பாங்க.

ஆட்டோபைலட் பத்தி ஒண்ணு. ஜி-1000-ங்கிற டிஜிட்டல் திரை இருக்கிற 172-ல, நிமிஷத்துக்கு இத்தனை அடி ஏறுன்னு சொல்ற வி.எஸ். மோட்ல 700-னு வச்சுட்டு விட்டுடாதீங்க. இன்ஜின் கொடுக்க முடியலைன்னாலும் அது 700-ஐ விடாது, மூக்கைத் தூக்கிக்கிட்டே போகும், வேகம் 80, 70, 60 நாட்னு (நாட்னா மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) கரையும், அப்புறம் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குறதை விட்டுடும். எஃப்.எல்.சி. மோட்ல 75, 80 நாட் வச்சா வேகத்தைப் புடிச்சுக்கும், ஏறுறது மெதுவானா மெதுவாகட்டும்.

ஃப்யூயல்ல ரெண்டு விதமா தப்பு பண்றாங்க. சிலர் எங்க போனாலும் டேங்க்கை ஃபுல் பண்ணி நாலு பேரை ஏத்துவாங்க. 172-ல உபயோகிக்கக் கூடியது 53 கேலன், அதுவே 144 கிலோ, மேல நாலு பெரியவங்கன்னா அதிகபட்ச எடையான 2,550 பவுண்டைத் தாண்டிடும். மைசூருக்கு 25 கேலனே ரிசர்வோட போதும். இன்னும் சிலர் காத்தையே கணக்குல எடுக்காம போய் நடுவழியில நிப்பாங்க. சென்னை திருச்சி 160 மைல், 110 நாட்ல போனா ஒரு மணி 27 நிமிஷம். எதிர்காத்து 20 நாட்னா ஒரு மணி 47. வரும்போது அதே காத்து தள்ளிவிடுமே, சரியாப் போச்சுன்னு நினைப்போம், ஆனா வர்றதுக்கு ஒரு மணி 14, ரெண்டையும் கூட்டிப் பாருங்க, காத்தே இல்லாததை விட ஆறேழு நிமிஷம் அதிகம். எதிர்காத்துல நிறைய நேரம் மாட்டிக்கிறோம்ல, அதான். மேல போனதும் மிக்ஸ்சரை லீன் பண்ண, அதாவது காத்துக்கு ஏத்த மாதிரி ஃப்யூயலைக் குறைக்க, மறந்தா புத்தகத்துல இருக்கிற மணிக்கு எட்டு ஒம்பது கேலன் கணக்கும் போச்சு.

புதுசா வந்தவங்க முதல் வாரமே நேபாளத்துல இருக்கிற லுக்லாவுக்குப் போறாங்க. ரன்வே 527 மீட்டர், உயரம் 9,300 அடிக்கு மேல, டர்போ இல்லாத இன்ஜின்ல நாலுல ஒரு பங்கு பவர் அங்க ஏற்கனவே காலி. ரன்வே முடியுற இடத்துல மலைச்சுவர், அதனால தப்பா வந்தா மறுபடி சுத்தி வரலாம்னு ஒண்ணு கிடையாது. 172-ல வேண்டாங்க, கொஞ்ச நாள் போகட்டும்.

கடைசியா இறங்குறது. பாதி பேர் ஏர்போர்ட் கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம்தான் இறங்கணும்னே யோசிப்பாங்க, அப்புறம் மூக்கைக் கீழ குத்தி 150 நாட்ல வருவாங்க. மைசூர் ஏர்போர்ட் சுமார் 2,400 அடி, இறங்குறதுக்கு முன்னாடி ரன்வேயைச் சுத்தி வர்ற சர்க்யூட்டுக்கு 3,400. 6,500-ல இருந்து 3,100 அடி இறங்கணும், நிமிஷத்துக்கு 500-னா ஆறு நிமிஷம், கிட்டத்தட்ட 12 மைல். சாம்ராஜ்நகருக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல பாதி தூரத்துலயே பவரைக் குறைங்க, நஞ்சன்கூடு வரும்போது பாதி இறங்கியிருக்கணும். சர்க்யூட்டை ரன்வேக்குத் தெற்குப் பக்கமா போடுங்க. வடக்குல ரெண்டு மூணு மைல்ல சாமுண்டி மலை, 1,000 மீட்டருக்கு மேல, அதாவது உங்க சர்க்யூட் உயரத்துக்கே வந்து நிக்கும். அதையும் நான் மோதித்தான் கண்டுபுடிச்சேன், அன்னைக்கு டீ கூட வைக்கல.