கிறிஸ்துமஸ் ராத்திரி சாப்பாட்டு டேபிள் அலங்காரம்: ஒரு நாலு முழ வேட்டி, ஒரு தாம்பாளம், ஒரு பிடி ஏற்காட்டு காபிப் பழம்

டேபிள் டெக்கரேஷன்னு தேடினா வர்ற போட்டோல எல்லாம் நடுவுல ரெண்டு அடி உயரத்துக்கு பூங்கொத்து நிக்கும், சுத்தி மெழுகுவர்த்தி நிக்கும், தட்டுக்கு மேல தட்டு அடுக்கியிருக்கும், ஆனா சாப்பாடு எங்க வைக்கறதுன்னு மட்டும் தெரியாது. நம்ம வீட்டு கணக்கு வேறங்க. பிரியாணி, வறுவல், குழம்பு, தயிர் பச்சடி, தண்ணி சொம்பு எல்லாமே டேபிளுக்கு வந்தாகணும், 6 பேர் உக்கார்ற டேபிள்ல 12 பேர் சாப்பிடணும், அதனால எப்படியும் ரெண்டு பந்தி ஆகும். முதல் பந்தில குழந்தைங்க, பெரியவங்க, விருந்தாளிங்க உக்காருவாங்க. ரெண்டாவது பந்தில உக்கார்றது யாருன்னு பாருங்க, காலைல இருந்து அடுப்படில நின்ன அம்மா, சித்தி, அத்தை, பரிமாறின அண்ணன். அவங்க வந்து உக்காரும்போது பூ வாடியிருக்கும், மெழுகுவர்த்தி அணைஞ்சிருக்கும், துணில குழம்புக் கறை. எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும். அதனால இந்த பதிவுல சொல்ற எல்லாமே ஒரே நோக்கத்துக்குத்தான், கடைசியா சாப்பிட உக்கார்றவங்களுக்கும் டேபிள் அதே அழகோட இருக்கணும். முதல் தடவை பண்றவங்களுக்கும் வர்ற மாதிரிதான் சொல்றேன், பெருசா செலவும் இல்ல.

முதல்ல டேப் எடுத்து அளங்க

பூ வாங்கறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. சாதாரண 6 பேர் டேபிள் கிட்டத்தட்ட 5 அடி நீளம், 3 அடி அகலம் இருக்கும். ஒவ்வொருத்தர் தட்டுக்கும் முன்னாடி 1 அடி போயிடும், அப்போ எதிரும் புதிருமா 2 அடி போச்சு, நடுவுல 1 அடி அகலம்தான் மிச்சம். ரெண்டு தலைமாட்லயும் ஆள் உக்காந்தா நீளத்துலயும் 2 அடி போகும். ஆக உங்க கைல இருக்கற மொத்த எடம் 3 அடி நீளம், 1 அடி அகலம், அவ்வளவுதான். இதுல நடு 1 அடி அலங்காரத்துக்கு, அந்தப் பக்கம் 1 அடி இந்தப் பக்கம் 1 அடி சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு. இந்த கணக்கு மனசுல இருந்தா கடைல எத பாத்தாலும் வாங்கத் தோணாது. மிச்ச பாத்திரத்துக்கு சுவரோரமா ஒரு ஸ்டூலோ சின்ன டேபிளோ போட்டுக்கோங்க, அங்க இருந்து பரிமாறலாம்.

உயரத்துக்கும் ஒரு அளவு இருக்கு. நாற்காலில உக்காந்து முழங்கைய டேபிள்ல ஊனி கைய நேரா மேல தூக்குங்க, உங்க மணிக்கட்டு எவ்வளவு உயரத்துல இருக்கோ அதுக்கு மேல எந்த பூவும் போகக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை பெங்களூர்ல இருந்து வர்ற பெரியப்பா முகத்த பூவுக்கு நடுவுல எட்டி எட்டி பாக்கற மாதிரி ஆகக்கூடாது இல்லையா.

விரிப்புக்கு வேட்டி

டேபிள் கிளாத் தனியா வாங்காதீங்க. ஒத்த வேட்டி, அதாவது நாலு முழ வேட்டி, 2 மீட்டர் நீளமும் 50 இன்ச் அகலமும் வரும். 5 அடிக்கு 3 அடி டேபிள் மேல போட்டீங்கன்னா நீளவாக்குல ரெண்டு பக்கமும் சுமார் 9 இன்ச்சும் அகலவாக்குல 7 இன்ச்சும் தொங்கும், டேபிளுக்குன்னே தச்ச அளவு. கரை நீளவாக்குல ஓடறதால அது ரெண்டு பக்கமும் கரெக்டா ஓரத்துல தொங்கி நிக்கும், பச்சைக் கரையோ மெரூன் கரையோ இருந்தா கிறிஸ்துமஸுக்கு வேற ரிப்பனே தேவையில்ல. காட்டன் வேட்டிதான் எடுக்கணும். சேலத்து வெண்பட்டு வேட்டி வீட்ல இருந்தா அது எவ்வளவு அழகா இருந்தாலும் பீரோவுலயே இருக்கட்டும், குழம்பு பக்கத்துல வேண்டாம்.

முந்தின நாளே துவைச்சு, லேசா கஞ்சி போட்டு, ஈரப்பதம் இருக்கும்போதே அயர்ன் பண்ணிடுங்க. மடிப்புக் கோடு இருந்தா என்ன அலங்காரம் பண்ணாலும் எடுபடாது. இன்னொரு வேட்டிய இதே மாதிரி அயர்ன் பண்ணி, மடிக்காம சுருட்டி வச்சுடுங்க, அது எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

மலைல இருந்து என்ன, மார்க்கெட்ல இருந்து என்ன

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. கிறிஸ்துமஸ்னா சிவப்பும் பச்சையும்னு சொல்லி பிளாஸ்டிக் செர்ரியும் பிளாஸ்டிக் இலையும் வாங்கறாங்க, ஆனா டிசம்பர்ல நம்ம சேலம் பக்கத்துல ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை முழுக்க நிஜமான சிவப்பும் பச்சையும்தான். அராபிகா காபி பழுக்கற நேரம் அது. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல மலையேறின செடி, இன்னைக்கும் டிசம்பர்ல கொத்துக் கொத்தா சிவந்து நிக்கும், பளபளன்னு இருக்கற அந்தக் கரும்பச்சை இலைக்கு நடுவுல அந்த சிவப்பு தனி அழகு. நிழலுக்கு வச்சிருக்கற சில்வர் ஓக் மரத்தோட இலை மேல பச்சை, திருப்பினா அடில வெள்ளி. பனி விழுந்த மாதிரி காட்டணும்னு பஞ்சு ஒட்டறாங்களே, அதுக்கு இந்த இலைய திருப்பி வச்சாலே போதும். அதே மரத்துல ஏறியிருக்கற மிளகுக் கொடில பச்சை சரம் தொங்கும். ஆரஞ்சும் ஏற்காட்டுல ஒண்டிக்கடைங்கற எடத்துப் பக்கம் கிடைக்கும்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போறோம், ரோட்டோரம் செடி இருக்குன்னு வண்டிய நிறுத்திப் பறிக்காதீங்க. எஸ்டேட்காரங்களுக்கு அது அறுவடை நேரம், ஒவ்வொரு பழமும் காசு. தெரிஞ்சவங்க தோட்டமா இருந்தா கேட்டு வாங்குங்க, அப்பவும் கிளைய ஒடிக்க வேண்டாம், அந்தக் கிளை நுனி வளர்ந்துதான் அடுத்த வருஷம் காய்க்கணும். உதிரியா ஒரு பிடி பழம் போதும். பழத்த ஊசில கோத்து மாலையாக்கறத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், உள்ள இருக்கற வழவழப்பு இனிப்பா இருக்கும், தோல் கிழிஞ்சா அரை மணி நேரத்துல எறும்பு வரிசை கட்டும். முழுப் பழமா சின்ன கண்ணாடி டம்ளர்ல நிரப்பி வைங்க, அதுவே அழகு.

மலைக்குப் போக முடியலன்னா விட்டுடுங்க, கவலையே வேண்டாம். சிவப்புக்கு மாதுளையும் குட்டித் தக்காளியும், பச்சைக்கு மாவிலையும் கொய்யா இலையும் சேலத்துலயே இருக்கு.

பூவுக்கு வ.உ.சி. பூ மார்க்கெட். டிசம்பர்ல பனிக்கு மல்லி வரத்து குறைஞ்சு விலை ஏறிடும், அதோட வாசனைப் பூ எதையுமே சாப்பாட்டு டேபிள்ல வைக்கக்கூடாதுங்கறது என் கருத்து. மல்லியும் சம்பங்கியும் எவ்வளவு நல்ல வாசனையா இருந்தாலும் பிரியாணி வாசனையோட கலந்தா ரெண்டுமே கெடும். மல்லிய தலைக்கு வாங்குங்க, சம்பங்கிய வாசல்ல வைங்க. டேபிளுக்கு சாமந்திதான் ராஜா, மஞ்சளும் வெள்ளையும் கால் கால் கிலோ போதும், வாசனை மட்டு, ஃபேன் காத்துல நாள் முழுக்க இருந்தாலும் தலை தொங்காது.

அரளி மட்டும் வேண்டவே வேண்டாம். பனமரத்துப்பட்டி பக்கம் நிறைய விளையறதால நம்மூர்ல அரளி சல்லிசா கிடைக்கும், கலரும் அருமையா இருக்கும், ஆனா பூ, இலை, காம்பு, பால் எல்லாமே விஷம். சாமிக்குப் போடற மாலைக்கு அது சரி, சாப்பாடு வைக்கற எடத்துல, அதுவும் கைக்கு எட்டறத வாய்ல வைக்கற குழந்தைங்க இருக்கற எடத்துல, ஒரு இதழ் கூட இருக்கக்கூடாது. கிறிஸ்துமஸ் செடின்னு நர்சரில விக்கற சிவப்பு இலை பாய்ன்செட்டியாவும் ஒடிச்சா பால் வரும், தோல்ல பட்டா அரிக்கும், அத தொட்டியோட வரவேற்பறைல வச்சுக்கோங்க.

தாம்பாளம் கட்டறது

இதுதான் முக்கியமான ஸ்டெப். அலங்காரத்த டேபிள் மேல நேரா பரப்பாதீங்க, எல்லாத்தையும் ஒரே தாம்பாளத்துல கட்டுங்க. 1 அடி அகலத் தாம்பாளம், பித்தளைன்னா ரொம்ப நல்லது, முந்தின நாளே புளி போட்டுத் தேய்ச்சு வச்சுடுங்க.

தாம்பாளத்துக்கு நடுவுல ஒரு சின்ன உருளி, இல்லன்னா குழிவான எவர்சில்வர் பேசின். அதுல பாதி மட்டும் தண்ணி. மிதக்கற மெழுகுவர்த்தி 2 போதும். பாதி தண்ணி எதுக்குன்னா, மெழுகுவர்த்தி விளிம்புக்குக் கீழ நிக்கறதால ஃபேன் காத்து நேரா அடிக்காது, தாம்பாளத்தத் தூக்கும்போதும் தண்ணி தளும்பாது. ஃபேன 1லயோ 2லயோ வச்சு முன்னாடியே ஒரு தடவை ஏத்திப் பாத்துடுங்க.

உருளிய சுத்தி முதல்ல இலை. சில்வர் ஓக் இலைய ஒண்ணு பச்சைப் பக்கம், ஒண்ணு வெள்ளிப் பக்கம்னு மாத்தி மாத்தி, நுனி வெளில பாக்கற மாதிரி படுக்க வைங்க. பச்சை இலைதான், காஞ்சத எடுத்துடுங்க, நெருப்பு பக்கத்துல சருகு ஆபத்து. இலைக்கு மேல ஆரஞ்சு 3. நாலு வச்சா சதுரமா நிக்கும், மூணு வச்சாதான் இயல்பா விழுந்த மாதிரி தெரியும். இடைவெளில சாமந்தித் தலை, காம்ப ஒட்ட வெட்டிட்டு, அரை மணி நேரம் தண்ணில ஊற வச்சு எடுத்தது. ரெண்டு மிளகுச் சரம் தாம்பாளத்து ஓரத்துல தொங்கட்டும். காபிப் பழ டம்ளர் ஒண்ணு. இதோட நிறுத்திக்கோங்க. இன்னும் ஏதாவது வைக்கலாமேன்னு கை பரபரக்கும், ரெண்டு அடி தள்ளி நின்னு பாருங்க, உருளி தெரியுதா, தண்ணில வெளிச்சம் தெரியுதா, அப்போ முடிஞ்சுது.

உக்கார்ற எடமும் வெளிச்சமும்

சூடான பாத்திரத்துக்கு அடில பிரிமணை போடுங்க, கயிறு பிரிமணை வெள்ளை வேட்டி மேல நல்லாவே இருக்கும். தட்டுக்கு பதிலா வாழை இலைன்னா இலையோட நுனி சாப்பிடறவங்களுக்கு இடது பக்கம் வரணும், அப்படிப் போட்டா அந்தப் பச்சையே பாதி அலங்காரம், நாப்கின் எதுவும் வேண்டாம். தட்டு வைக்கறீங்கன்னா ஒரு கைக்குட்டை அளவுத் துணிய நாலா மடிச்சு, சுருட்டி, ஈரத்துல ஊறின வாழைநாரால ஒரு கட்டு, அதுல ஒரு சாமந்தி சொருகி தட்டு மேல வைங்க.

பேர் எழுதற வேலைய குழந்தைங்ககிட்ட குடுத்துடுங்க. காபி இலையோ மாவிலையோ கழுவித் துடைச்சு, கோல்டு கலர் பேனாவால அம்மாயி, அப்புச்சி, பெரியப்பா, அத்தைன்னு முறை சொல்லி எழுதட்டும், எழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும். ரெண்டாவது பந்தில உக்கார்றவங்களுக்கும் இப்பவே எழுதி வாங்கி ஈரத்துணில சுத்தி வச்சுடுங்க.

டியூப் லைட்ட அணைச்சுட்டு வார்ம் ஒயிட் பல்பு போட்டா பித்தளையும் எவர்சில்வர் டம்ளரும் தங்கமா தெரியும். சீரியல் செட்ட டேபிள் மேல ஓட்டாதீங்க, தண்ணி கொட்டற எடம், ஜன்னல் கம்பில போடுங்க. பாட்டரில ஓடற குட்டி லைட்டுன்னா பரவாயில்ல.

ரெண்டாவது பந்தி

முதல் பந்தி எந்திரிச்சதும் தாம்பாளத்த ரெண்டு கையால தூக்கி ஸ்டூல்ல வைங்க, அதுக்கு முன்னாடி மெழுகுவர்த்திய அணைச்சுடணும். பாத்திரத்த எடுத்துட்டு, கறைபட்ட வேட்டிய நாலு மூலையும் சேத்து சுருட்டி எடுத்தா சிந்தின சோறு, எலும்பு எல்லாம் அதோடவே வந்துடும். சுருட்டி வச்ச ரெண்டாவது வேட்டிய இப்போ விரிங்க. தாம்பாளம் மறுபடி நடுவுல, வாடின சாமந்தி ஏதாவது இருந்தா மாத்திட்டு புது மெழுகுவர்த்தி 2, புது பேர் இலை. ஆளுக்கு ஒரு கை பிடிச்சா அஞ்சு நிமிஷ வேலைதான். இத முதல் பந்தில சாப்பிட்டு முடிச்ச பசங்க பண்ணணும், அம்மாவ அந்தப் பக்கம் வரவே விடாதீங்க, அடுப்ப அணைச்சுட்டு, முகம் கழுவிட்டு நேரா வந்து உக்காரட்டும். பரிமாறறதும் முதல் பந்திக்காரங்கதான்.

வேட்டிக் கறை

அன்னைக்கு ராத்திரியே பச்சைத் தண்ணில அலசி ஊற வைங்க, வெந்நீர் வேண்டாம். மஞ்சள் கறைல சோப்பு பட்டதும் செக்கச்செவேல்னு ஆகும், பயப்படாதீங்க, காரம் பட்டா மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், நல்லா அலசிட்டு அடுத்த நாள் நல்ல வெயில்ல காயப் போட்டா மங்கிடும், மிச்சம் இருந்தா இன்னொரு வெயில். மெழுகு சிந்தியிருந்தா துவைக்கறதுக்கு முன்னாடியே ஐஸ் கட்டி வச்சு கெட்டியாக்கி, கரண்டிக் காம்பால சுரண்டி எடுத்துட்டு, மேலயும் கீழயும் வெள்ளைத் தாள் வச்சு அயர்ன் பாக்ஸ ஓட்டுங்க, மெழுகு தாள்ல இறங்கிடும். நியூஸ் பேப்பர் வச்சா மை ஒட்டும், அதனால வெள்ளைத் தாள்தான்.