வரைபடத்தில் உங்கள் தோட்டம் என்ன நிறம்? நகரத்தை ஒட்டிய விவசாயக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் என் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர். ஒன்றில் கொத்தமல்லி, ஒன்றில் முட்டைக்கோஸ், மீதியில் ராகி. பக்கத்து நிலம் மனைப்பிரிவானபோது முதலில் வந்தது வீடு இல்லை, எல்லைக் கல். அடுத்து வந்தது லாரி லாரியாக மண். பள்ளத்தை மேடாக்கியதில் மழைத்தண்ணீர் போகிற ஓடை அடைந்துவிட்டது. அந்த ஐப்பசியில் கட்டுக் கட்ட வேண்டிய கொத்தமல்லி மூன்று நாள் தண்ணீரில் நின்று அழுகியது. பெரியப்பா அலுவலகம் அலுவலகமாக ஏறினார். ஓர் இடத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். அதில் ஓடையே இல்லை. "ஆட்சேபனை சொல்ல டைம் கொடுத்தோமே, அப்ப வந்திருக்கலாமே" என்றார்கள். அப்படி ஒரு நேரம் இருந்ததே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒன்று இருக்கிறது. அது கட்டடம் கட்டுகிறவர்களின் சட்டம் என்றே நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த நிலம் வீடாகலாம், எது ஆலையாகலாம், எது விவசாயமாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தச் சட்டம்தான். அப்படியென்றால் அது முதலில் விவசாயியின் சட்டம். அதைக் கையில் எடுக்காமல் விட்டதாலும், எடுத்தும் தவறாகப் பிடித்ததாலும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பார்த்த இழப்புகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

"விவசாய நிலத்தைத் தொட முடியாதுன்னு சட்டம் வந்துடுச்சே" என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அவர்கள் சொல்வது 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். அது காவிரி டெல்டாவுக்கானது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் இல்லை. டெல்டாவிலும்கூட அது தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றைத்தான். மனைப்பிரிவை அல்ல. நமக்கு இருக்கிற காவல் 1971 சட்டம் ஒன்றுதான். அதுவும் நாம் போய்க் கேட்டால்தான் காக்கும்.

முதல் தவறு, அறிவிப்பைத் தவற விடுவது. ஒரு பகுதிக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும்போது அரசிதழிலும் முக்கிய நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, வரைவை எங்கே போய்ப் பார்க்கலாம் என்றும் சொல்லி, ஆட்சேபனை கேட்க வேண்டும் என்கிறது 26-வது பிரிவு. அரசிதழில் வெளியான நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். இரண்டு மாதம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் ஓடிப்போகிற காலம். தண்டோரா போட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்கக் கூடாது. உங்கள் ஊராட்சி எந்தத் திட்டப் பகுதியில் வருகிறது, வரைவு எந்த நிலையில் இருக்கிறது என்று திட்டக் குழும அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராம சபையிலும் எழுப்புங்கள். வருடத்தில் ஆறு முறை கூடுகிறது, பெரும்பாலும் குடிநீர், தெருவிளக்கோடு முடிந்துவிடுகிறது.

வரைபடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஊர்ப் பெயரைத் தேடிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். ஊர்ப் பெயரில் ஒன்றும் தெரியாது. புல எண்ணைத் தேட வேண்டும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், உட்பிரிவு எண் பல இடங்களில் இருக்கவே இருக்காது. கையில் புலப்படமும் (நிலத்தின் அளவுப் படம்) 'அ' பதிவேட்டு நகலும் (ஒவ்வொரு புல எண்ணின் வகையும் பரப்பும் உள்ள கிராமக் கணக்கு) கொண்டு போங்கள். நிலம் மஞ்சளா (குடியிருப்பு), பச்சையா (விவசாயம்), ஊதாவா (தொழிற்சாலை) என்று மட்டும் பார்க்காமல் சாலைக் கோடு குறுக்கே ஓடுகிறதா, ஓடையும் ஏரிக் கால்வாயும் வண்டிப்பாதையும் படத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் ஓடை 'அ' பதிவேட்டில் தனிப் புல எண்ணோடு புறம்போக்காக இருந்தது. வரைபடத்துக்கு வரும்போது காணாமல் போயிருந்தது.

அடுத்தது மனு. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "விவசாயம் அழிந்துவிடும், வாழ்வாதாரம் போய்விடும், கருணை காட்ட வேண்டும்" என்று இரண்டு பக்கம் எழுதி நூறு கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கிற அலுவலருக்கு எந்த நிலத்தை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. என் சித்தி மகள் எழுதிய மனு ஒரே பக்கம். பார்வையில் அரசிதழ் அறிவிப்பின் எண்ணும் நாளும். கீழே புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டா எண். கிணற்றின் ஆழம், மின் இணைப்பு எண், சொட்டு நீர் மானியம் வாங்கிய ஆண்டு, கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன். மூன்று வருட அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு) இணைப்பு. பிறகு கோரிக்கை மூன்றே வரி: இந்தப் புல எண்ணை விவசாய உபயோக மண்டலத்தில் வைக்க வேண்டும், விடுபட்ட ஓடையை இன்ன புல எண்ணில் குறிக்க வேண்டும், என்னை நேரில் விசாரணைக்கு அழைக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியை எழுதாமல் விடாதீர்கள். நேரில் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எழுதாதவர் மனு கோப்புக்குள் கிடக்கும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள்.

அடங்கல் என்றேன். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்த நாளில் ராகி அறுத்து நிலம் சும்மா கிடந்தால் 'தரிசு' என்று ஏறிவிடும். நமக்கு அது ஒரு வார்த்தை. நிலத்தை மனையாக்க விரும்புகிறவர் கையில் அது ஆதாரம். "மூணு வருஷமா தரிசு, விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலம்" என்று எழுதிவிடுவார்கள். வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஒவ்வொரு போகத்துக்கும் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், தவறு இருந்தால் அந்தப் பசலிக்குள்ளேயே திருத்தக் கேளுங்கள். மாந்தோப்புக்காரர்கள் மர எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் இருபது வருட பெங்களூரா மரங்கள் நிற்கிற நிலம்கூடப் பதிவேட்டில் வெறும் புன்செய் என்று கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கூட்டுப்பட்டா. தாத்தா பெயரிலேயே பட்டா, அண்ணன் தம்பி நாலு பேர் பிரித்து உழுகிறார்கள், அத்தைமார்களுக்கும் பங்கு. இதில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட ஆட்சேபனைக்கு எடை குறைவு. மோசமானது அதற்குப் பிறகு நடக்கும்: ஒரு பங்குதாரர் தன் பாகத்தை விற்றால் வாங்கியவர் நடுவில் வந்து உட்காருவார், பாதை கேட்பார், கிணற்றுப் பங்கு கேட்பார். மகள்களுக்கும் சம உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே அழுத்திச் சொல்லியாகிவிட்டது. அவர்களை ஒதுக்கிவிட்டு நிலத்தைக் காப்பாற்ற முடியாது, ஒதுக்குவது நியாயமும் இல்லை. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிட்டு எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

இனி மனசுக்குக் கஷ்டமான ஒன்று. வரைவில் பச்சை வந்தால் நம்மவர்களே போய் "மஞ்சளாக்குங்க சார்" என்று கேட்கிறார்கள். விலை ஏறும் என்று தரகர் சொல்லிக் கொடுப்பது அது. பிள்ளை படிப்பு, கல்யாணம், கடன் எல்லாம் இருக்கிற குடும்பத்துக்கு அந்த ஆசை வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்கப் போவதில்லை, உழுதுகொண்டே இருக்கப் போகிறோம் என்கிறவர்கள் கேட்பதுதான் புரியவில்லை. மஞ்சளில் உழக் கூடாது என்று இல்லை. சுற்றிலும் வீடு வந்த பிறகு சாணி வாடைக்குப் புகார், மருந்து அடித்தால் சண்டை, அவர்கள் சாக்கடை உங்கள் வரப்பில். பச்சையில் பால்பண்ணை, கோழிப்பண்ணை, தோட்டக்கலை எல்லாம் செய்யலாம். எனவே தனித்தனியாகக் கேட்காமல் ஒரு ஏரியின் ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்) இருக்கிற பத்துப் பதினைந்து குடும்பங்கள் தொடர்ச்சியான புல எண்களோடு ஒரே மனுவாகக் கேளுங்கள். சுற்றிலும் மஞ்சள், நடுவில் ஒரு பச்சை என்றால் அது அதிக நாள் தாங்காது.

நிலத்தில் சாலைக் கோடோ பூங்காக் குறியோ விழுந்தால் எல்லாம் போயிற்று என்று அரை விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அவசரப்படாதீர்கள். பொதுப் பயனுக்கென ஒதுக்கிய நிலத்தை 3 ஆண்டுகளுக்குள் சட்டப்படி கையகப்படுத்த அறிவிக்கவோ பேசி வாங்கவோ இல்லையென்றால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருத வேண்டும் என்று 38-வது பிரிவு சொல்கிறது. கோடு தானாக அழியாது, எழுதித்தான் கேட்க வேண்டும்.

வரைபட நிறத்தையும் நிலம் எடுப்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கச் சட்டத்தில். அதற்குத் தனி நோட்டீஸ், தனி ஆட்சேபனை. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகள் உள்ள பெரிய திட்டங்களுக்கு 2023-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்றும் வந்திருக்கிறது. முழுமைத் திட்டத்துக்குக் கொடுத்த மனு இவற்றுக்குச் செல்லாது. எந்த நோட்டீஸ் எந்தச் சட்டத்தில் வந்திருக்கிறது என்று முதல் வரியிலேயே பாருங்கள்.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் "நாங்க டவுன்ல இல்லையே" என்பார்கள். திட்டப் பகுதிக்கு வெளியேயும் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும், 2017-லேயே விதிகள் வந்துவிட்டன. பக்கத்து நிலத்தில் ஜேசிபி இறங்கினால் அனுமதி எண் கேளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்றால் அது மனைப்பிரிவு அனுமதி ஆகாது. அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதே இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான்.

கொஞ்சம் விற்றுத்தான் ஆக வேண்டும் என்கிற குடும்பம், விற்ற லாபத்துக்கான வருமான வரியை மறந்துவிடுகிறது. விவசாய நிலத்துக்கு வரியே இல்லை என்பது நகரத்துக்குத் தள்ளி இருக்கிற நிலத்துக்குத்தான். மக்கள்தொகை 10,000-லிருந்து 1 லட்சம் வரை உள்ள நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், இதற்குள் இருக்கிற நிலத்துக்கு வரி உண்டு; நேர்கோட்டில் அளப்பார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே ஓசூர் 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் தாண்டவில்லை. எல்லைக்குள் இருந்தாலும், விற்பதற்கு முன் இரண்டு வருடம் உழுத நிலமாக இருந்து, விற்று இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு விலக்கு உண்டு. அதற்கும் சாட்சி அடங்கல்தான்.

பெரியப்பா கடைசியில் 'அ' பதிவேட்டு நகலை இணைத்து ஓடையை அளக்கச் சொல்லி வட்டாட்சியருக்கு மனு போட்டார். சர்வேயர் வந்தபோது மனைப்பிரிவின் ஒரு தெரு பாதி ஓடையில் நின்றது. கல் நட்டார்கள், மண்ணை எடுத்தார்கள். இரண்டு போகம் போனதுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை. இந்த ஐப்பசிக்கு மறுபடி கொத்தமல்லி விதைத்திருக்கிறார்.