அடுத்தவர் வீட்டுச் சாமானுக்குப் பொறுப்பேற்கும் தொழில்: ஸ்டோரேஜ் நடத்துபவர்கள் செய்யும் தவறுகள்

காலியாகக் கிடக்கும் குடோனைத் தடுப்பு போட்டு அறை அறையாகப் பிரித்து மாத வாடகைக்கு விட்டால் போதும், உட்கார்ந்த இடத்தில் வருமானம். சென்னையில் ஸ்டோரேஜ் தொழிலில் இறங்குகிறவர்களில் பலர் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். ஆளும் வரத்தான் செய்கிறது. இரண்டு வருஷம் ஆன்சைட் வேலையாக வெளிநாடு போகிற ஐடி ஊழியர், பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பம், அப்பா அம்மா காலமான பிறகு அந்த வீட்டுச் சாமானை என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியாத பிள்ளைகள். ஆடி மாதக் கூட்டம் தனி. பழைய வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார், புது வீட்டில் ஆவணியில்தான் பால் காய்ச்சுவார்கள், நடுவில் சாமான் எங்கே போகும்?

தேவை இருக்கிறது, சரி. ஆனால் இதைக் கட்டட வாடகைத் தொழிலாக நினைப்பதில்தான் பாதித் தவறுகள் ஆரம்பிக்கின்றன. பொருட்களைப் பட்டியலிட்டு நீங்கள் வாங்கி வைத்து, சாவியும் உங்களிடம் இருந்தால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி நீங்கள் அந்தப் பொருளின் பாதுகாவலர். தன் சொந்தப் பொருளைச் சராசரி விவேகமுள்ள ஒருவர் எப்படிக் காப்பாற்றுவாரோ, அந்த அளவு கவனம் காட்ட வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. 'பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சுவரில் ஒரு போர்டு மாட்டிவிட்டால் அந்தக் கடமை போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

முதல் சிக்கல் வாடகை பாக்கியில் வெடிக்கும். அமெரிக்காவில் பாக்கி வைத்தவரின் அறையை உடைத்து ஏலம் விடுவதை டிவியில் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே மாநிலங்கள் இந்தத் தொழிலுக்கென்றே தனிச் சட்டம் போட்டு அந்த உரிமையைக் கொடுத்திருக்கின்றன. இங்கே வீட்டுச் சாமான் ஸ்டோரேஜுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தியவருக்குத்தான் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைக்கும் உரிமை தருகிறது. துணி தைத்த தையல்காரரைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. சும்மா வைத்துக் காத்தவர் அந்தக் கணக்கில் வருவது சந்தேகம். வந்தாலும் பிடித்து வைக்கலாமே தவிர, விற்கும் உரிமை அந்தப் பிரிவில் கிடையாது.

பூட்டை உடைப்பது இன்னும் ஆபத்து. வாடிக்கையாளருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் லாக்கரை உடைத்த ஒரு வங்கியை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி லாக்கர்களுக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. முன்னறிவிப்பு, வங்கி அதிகாரி ஒருவர், வெளி ஆட்கள் இருவர் சாட்சி, உள்ளே இருந்ததற்குப் பட்டியல் என்று ஒழுங்காக ஒரு நடைமுறை அதில் இருக்கிறது. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதைப் பார்த்து நம் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்வதை யார் தடுத்தார்கள்? எத்தனை மாதம் பாக்கியானால் நோட்டீஸ், எந்த முகவரிக்கு, அதன் பிறகு எத்தனை நாள், சாட்சி யார், விற்றால் பணத்தை எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்பதையெல்லாம் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதை ஒரு வக்கீலிடம் காட்டாமல் நெட்டில் கிடைக்கும் வாடகை ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்து ஓட்டுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இன்னொன்று, வெளிநாடு போகிறவரின் உள்ளூர் செல்போன் எண்ணை மட்டும் வாங்கி வைப்பது. ரீசார்ஜ் இல்லாமல் சில மாதங்களில் அந்த சிம் செத்துவிடும். மின்னஞ்சல், இங்கேயே இருக்கும் உறவினர் ஒருவரின் எண், நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி மூன்றும் இல்லாமல் சாமானை இறக்கவே கூடாது. கூடவே இரண்டு மாத அட்வான்ஸ். பாக்கி சேர்ந்த பிறகு பழைய சோபாவைப் பிடித்து வைத்து என்ன பண்ணுவது? பல நேரம் பாக்கித் தொகை சோபாவின் விலையைத் தாண்டிவிடும்.

சாமான் இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கவனம் இல்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் நாளில் சண்டைதான். 'பிரிட்ஜ் 1, அட்டைப்பெட்டி 14' என்று எழுதுவது பட்டியலே இல்லை. 'பிரிட்ஜ், இரட்டைக் கதவு, கீழ்க்கதவில் இடது ஓரம் நசுங்கல், உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு இல்லை' என்று எழுதி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, லாரி கிளம்புவதற்குள் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். நசுங்கல் வீட்டில் ஏற்பட்டதா, லோடுமேன் படியில் இறக்கும்போது ஏற்பட்டதா, உங்கள் குடோனில் ஏற்பட்டதா என்பதை ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

பிரிட்ஜைத் திறந்தும் பார்க்க வேண்டும். பின்னால் கம்ப்ரசர் மேலிருக்கும் தட்டில் தண்ணீர் நிற்கும். அதைக் கொட்டி, துடைத்து, கதவு முழுதாக மூடாதபடி நடுவில் ஒரு துணி மடித்து வைக்காவிட்டால் உள்ளே கருப்புப் பூஞ்சை ஏறிவிடும். வாஷிங் மெஷின் குழாயிலும் தண்ணீர் தங்கும். கிரைண்டரில் உளுந்து மாவு காய்ந்து ஒட்டியிருக்கும், எலிக்கு அது போதும். மெத்தையின் தையல் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சி ஒரு வீட்டிலிருந்து வந்தால் பத்து வீட்டுச் சாமானுக்குப் போகும். சமையலறைப் பெட்டியில் அரிசி, பருப்பு, எண்ணெய் எதுவும் கூடாது. கேஸ் சிலிண்டர், மிச்சமிருந்த தீபாவளிப் பட்டாசு, டேங்கில் பெட்ரோலோடு பைக், பேட்டரியைக் கழற்றாத எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆகியவற்றை 'ஒரு ஓரமா இருக்கட்டும் சார்' என்று கெஞ்சினாலும் விடக் கூடாது. நகை, பத்திரம், ரொக்கமும் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கு வங்கி லாக்கர் இருக்கிறது.

இடம் பிடிப்பதில் வாடகை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். சென்னையில் தாழ்வான இடத்தில் குடோன் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் 2015 டிசம்பரில் தண்ணீர் பார்த்தவை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. தரகரிடம் கேட்காதீர்கள், எதிர்ச் சாரியில் இருக்கும் டீக்கடையில் கேளுங்கள். அந்த இரண்டு வெள்ளத்திலும் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கையை வைத்தே காட்டுவார்கள். பேலட் (சாமானைத் தரையில் படாமல் வைக்கும் பலகை அடுக்கு) மேல் வைத்திருக்கிறோம் என்பது நாலைந்து அங்குலக் கதை. தரைத்தளம் தாழ்வாக இருந்தால் முதல் தளம் பாருங்கள், லிப்ட் செலவு கூடினாலும் பரவாயில்லை.

தகரக் கூரையும் ஒரு தலைவலி. மே மாதம் அதன் கீழே பிளைவுட் பசை விடும், பிளாஸ்டிக் வளையும். கூரையில் சுழல் விசிறிகள், சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி, வருடாவருடம் கரையான் மருந்து இல்லாமல் மர பீரோவை வாங்கி வைக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம் என்பார்கள். எதற்கு என்று கேட்டால், கட்டடத்துக்கு. உங்கள் கட்டடத்துக்கும் மேஜை நாற்காலிக்கும் எடுத்த பாலிசி வாடிக்கையாளரின் சாமானைத் தானாகக் காப்பாற்றாது. மற்றவர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் பொருட்களும் சேரும் என்று பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் இருக்கும் சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் வரையிலான சிறு தொழில்களுக்கென 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' தீ, வெள்ளம் போன்றவற்றுக்குப் போதும். பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனியாகக் கொள்ளைப் பாலிசி வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சாமானின் மதிப்பை எழுதி வாங்குங்கள். மொத்தம் 40 லட்சம் இருக்கும் இடத்தில் 20 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால், பாதி மதிப்புக்குத்தான் பாலிசி என்று நஷ்டத்திலும் பாதியைத்தான் கணக்கிடுவார்கள்; 10 லட்சம் நஷ்டத்துக்குக் கைக்கு வருவது ஏறத்தாழ 5 லட்சம்தான்.

விலை விஷயத்தில் இரண்டே வார்த்தை. 3,000 சதுர அடிக்கு வாடகை கட்டினால் 3,000 சதுர அடியையும் விற்க முடியாது. நடைபாதை, இறக்குமிடம், ஆபீஸ் போக 2,000 தேறினால் நல்ல திட்டம். கட்டணத்தை அந்த 2,000-ஐ வைத்து, அதிலும் பாதி காலியாக இருக்கும் முதல் வருஷத்தை நினைத்துப் போடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, 18 சதவீதம். இதைப் போனில் விலை கேட்கும்போதே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, சாமானை யாரிடம் கொடுப்பது என்பது. கணவர் பெயரில் ஒப்பந்தம், வந்து நிற்பது மனைவி, இருவருக்கும் கோர்ட்டில் வழக்கு. அல்லது வாடிக்கையாளர் இறந்துவிட்டார், அண்ணனும் தங்கையும் தனித்தனியாக வந்து கேட்கிறார்கள். ரசீது கையில் இருக்கிறது என்பதற்காகக் கொடுத்துவிட்டால் மற்றவர் உங்கள் மேல் கேஸ் போடுவார். ஒப்பந்தத்திலேயே 'எனக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக்கூடியவர்' என்று ஒரு பெயரும் அடையாள அட்டை நகலும் வாங்கி வையுங்கள். அந்தப் பெயர் இல்லாதவர் யார் வந்தாலும், எவ்வளவு அழுதாலும், வாரிசுச் சான்றிதழோ கோர்ட் உத்தரவோ கொண்டு வரச் சொல்லுங்கள்.